ஏழாம் அறையின் கலையாத படுக்கை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஒரு பத்து நிமிடம் புத்திமதி சொல்லும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு கறிபாப்புப் பலகாரமும் கொடுத்தால், பதிலுக்கு அவன் ஞானம் வழங்கியாக வேண்டும் போலிருக்கிறது. கறிபாப்பைச் சாப்பிட்டுவிட்டேன். ஞானம் பத்து நிமிடத்தில் வரவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து எழுதி அனுப்புகிறேன்.

என் புத்திமதி இதுதான்: தங்கும் விடுதியில் காலையில் எழுந்தால் படுக்கையை மடிக்காதீர்கள்.

உங்களில் யாரும் மடிக்கமாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் வயதில் என் பிள்ளைகளும் மடித்ததில்லை. ஆனால் நான் மடித்தேன். இரண்டு வருடம் மடித்தேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. என்னுடையதும்தான். எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில் நடந்தது இது.

நம் வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டுப் பயணிகளை ஒரு விடுதிக்கு அனுப்புவதற்கு முன், நம் ஆள் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய் மூன்று இரவு தங்கி, தின்று, குளித்து, தூங்கி, அறிக்கை எழுத வேண்டும். தான் யார் என்று மூச்சு விடக்கூடாது. கோலாலம்பூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் "தூங்குறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீதான்லா" என்பார். அவருக்குத் தெரியாது, நான் தூங்கியதே இல்லை. வெந்நீர் வர எத்தனை நிமிடம், சூப் வர எத்தனை நிமிடம், மாடிப் படியில் எத்தனை விளக்கு எரியவில்லை என்று மனசுக்குள் ஒரு கிராணி உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பான். எந்த நாற்காலியிலும் நான் சாய்ந்து உட்கார்ந்தது கிடையாது. கால் ஆடுகிறதா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். நல்ல சாப்பாடு வந்தாலும் நாக்கு ருசிக்காது, கணக்கெடுக்கும். ஒரு விடுதியில் இருக்கும்போது அடுத்த விடுதிக்குப் போக வேண்டுமே என்று கால் பரபரக்கும். அடுத்ததற்குப் போனால் வீட்டு நினைப்பு. வீட்டுக்குப் போனால் பெட்டியை எடுத்து வைக்கலாமா என்று தோன்றும்.

நான் அனுப்பப்பட்டதெல்லாம் சின்ன விடுதிகள். பன்னிரண்டு அறை, பதினைந்து அறை. அறைக்கு ஒரு நிறம், அறைக்கு ஒரு மாதிரி விளக்கு, குளியலறையில் பூ. நீங்கள் இப்போது அதற்கு 'புட்டிக்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். அப்போது பெயர் கிடையாது. பெரிய விடுதிகள் பிடிக்காத வெள்ளைக்காரர்கள் தேடி வருவார்கள் என்று எங்கள் மேலாளர் மட்டும் முன்கூட்டியே மோப்பம் பிடித்திருந்தார்.

மேலாளரைப் பற்றி ஒரு வார்த்தை. சீனர். அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை இருந்ததால் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். தமிழில் திட்டுவதில் என் மாமாக்களைவிடக் கெட்டிக்காரர். பெயரைச் சொன்னால் இன்றும் நான் எழுந்து நின்றுவிடுவேன், ஆகவே சொல்லப்போவதில்லை.

இனி என் வியாதியைச் சொல்ல வேண்டும்.

நான் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். லயத்தில் எங்களுக்கு இரண்டு அறை, தலைகள் ஒன்பது. விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும். ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. மணி அடிப்பதற்குள் ஒன்பது பாயும் சுருட்டிச் சுவரில் ஏறியிருக்க வேண்டும். பாய் தரையில் கிடந்தால் அடுப்படிக்குப் போக வழி கிடையாது. அம்மா பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கயிறு மாதிரி வைத்திருப்பார். பாயைச் சுருட்டி அதைக் கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. சுருட்டாதவன் மேல் ஒரு செம்புத் தண்ணீர் விழும். நானும் வாங்கியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் இன்னும் என் முதுகில் காயவில்லை. கோட்டு வாங்கினேன், டை வாங்கினேன், முள்கரண்டி பிடிக்கக் கற்றேன், இங்கிலீசில் தடிதடியான நாவல்கள் படித்து மேற்கோள் காட்டினேன். ஆனாலும் காலை ஐந்து மணிக்கு என் கை தானாக எழுந்து படுக்கையை மடிக்கும். மெத்தையைச் சுருட்ட முடியாது என்பதால் விரிப்பை இழுத்து, மூலைகளைச் செருகி, போர்வையைச் சமன் செய்து, துவாலையை நாலாக மடித்துத் தொங்கவிட்டு, கைகழுவும் தொட்டியைத் துடைத்து, தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வெளியே போவேன். பல விடுதிகளில் பார்த்துப் பார்த்து, மூலை மடிப்பில் தொழில்காரன் அளவுக்குத் தேறியும் இருந்தேன்.

அறைக்குத் திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கும். 'அறைச் சுத்தம்: மிக நன்று' என்று எழுதுவேன். இரண்டு வருடம், இருபதுக்கு மேற்பட்ட விடுதிகள், எல்லாவற்றுக்கும் அதே வரி. நான் யாரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே புரியவில்லை.

மேலாளருக்கு மட்டும் மூக்கில் வியர்த்தது.

"ஏண்டா, மலேசியா முழுக்க ஒரு அறையிலகூட ஒரு அழுக்குத் துவாலை இல்லையா?"

"இல்ல சார்."

"நீ போய்த் தங்குறியா, இல்ல அத்தை வீட்டுல படுத்துட்டு வந்து எழுதுறியா?"

"தங்குறேன் சார்."

"ஈப்போ போ. புதுசா ஒண்ணு திறந்திருக்காங்க. இதுலயும் குறையே இல்லன்னு எழுதிட்டு வந்தியானா, இதான் உனக்குக் கடைசி. போய் உங்க தோட்டத்துலயே பெரட்டு எடு."

ஈப்போவில் அது ஒரு ஈயச் சுரங்கத் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், பழைய மாளிகை. அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்தார் பதினான்கு அறைகளாக்கி விடுதி ஆக்கியிருந்தார்கள். நடுவே வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் மாடி நடை. ஒவ்வொரு அறையின் தரையிலும் வேறு வேறு பூ ஓடு. கீழே பன்னிரண்டு மேசை போட்ட சாப்பாட்டுக் கூடம், பளிங்கு மேசைகள், மேலே மெதுவாகச் சுற்றும் விசிறி. பினாங்கு மர வியாபாரி என்று சொல்லிப் பதிந்துகொண்டேன். மரம் என்றால் எனக்குத் தெரிந்தது ரப்பர் பால் மரம் ஒன்றுதான். நல்லவேளை யாரும் கேட்கவில்லை. அறை எண் ஏழு.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே வியாதி எட்டிப் பார்த்தது. ஹைனானியச் சீனர் ஒருவர் சமைத்த சிக்கன் சாப், பொரித்த கோழித் துண்டு. மேலே பட்டாணி, ஓரத்தில் உருளைக்கிழங்கு, குழம்பு தட்டு விளிம்பைத் தொடாமல் நின்றது. குறிப்பு எடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும், மனசு அடுத்த கேள்விக்குப் போய்விட்டதால், கை தன் வேலையைப் பார்த்தது: தட்டுகளை அடுக்கி, கரண்டிகளை மேலே வைத்து, மேசைத் துணியில் கிடந்த ரொட்டித் தூளை உள்ளங்கையில் கூட்டி எடுத்தேன். பரிமாறியவர் ஓடி வந்தார்.

"சார், நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லையே."

"பின்ன ஏன் சார் நீங்களே..." என்று என் கையில் இருந்த தூளைப் பார்த்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் நான் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். மர வியாபாரிகள் அப்படித்தான் என்று அவர் முடிவு கட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை மாடி நடையில் அறை சுத்தம் செய்யும் பெண்மணியைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, தலையில் இறுக்கிய கொண்டை. பிலோமினா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் என்பது பிறகு தெரிந்தது. "குட் மார்னிங் சார்" என்றார். நானும் மூக்கால் இங்கிலீசு பேசிவிட்டுப் போனேன். கோட்டு, மீசை, இங்கிலீசு மூன்றும் ஒரு கறுத்த மனிதனிடம் சேர்ந்திருந்தால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் தோன்றும்: மலையாளி, தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டு ஆள். நான் திருத்தவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்ததாகவும் ஞாபகம்.

அதற்கடுத்த நாள் காலையும் வழக்கம்போல் மடித்தேன். கூடுதலாக ஒரு காரியம் செய்தேன். என் தலையில் எப்போதும் தேங்காய் எண்ணெய். தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அவ்வளவு அழகான அறையில் அந்தக் கறை என் ஜாதகத்தையே விரித்து வைத்த மாதிரி கிடந்தது. தலையணையைத் திருப்பிப் போட்டேன். கறை போன இடம் தெரியவில்லை. சந்தோஷமாகப் பசியாறப் போனேன்.

பசியாறிவிட்டு முற்றத்தில், பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாடி நடையில் என் அறை வாசலிலிருந்து பேச்சு வந்தது. அந்த மாளிகையில் மேலே இருமினால் கீழே கேட்கும். ஒரு குரல் பிலோமினாவுடையது. இன்னொன்று மேடம் லோ. தவுக்கே குடும்பத்து மருமகள், அறைகளுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. பேச்சு மலாயில் நடந்தது. தமிழில் தருகிறேன்.

"ரெண்டு நாளா ஏழாம் நம்பர்ல 'படுக்கவில்லை'ன்னு சீட்டுல எழுதியிருக்க."

"ஆமா மேடம். கதவத் தொறந்தா போட்டது போட்டபடி இருந்திச்சு. துவாலகூடத் தொடல."

"விருந்தாளி பசியாறுனத நான் பாத்தேன். சாவி ராத்திரி அவர்கிட்டதான் இருந்துச்சு. நின்னுக்கிட்டா தூங்குனாரு?"

"எனக்குத் தெரியாதுலா மேடம். கலையாத படுக்கையத் தொடக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"தலகாணியத் திருப்பு."

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு பிலோமினா தமிழில் "ஐயோ மாதாவே" என்றார்.

"எண்ணெய். ஒரு நாள் எண்ணெய் இல்ல, ரெண்டு நாளு. உறைய மாத்தச் சோம்பப்பட்டு திருப்பிப் போட்டிருக்க. விரிப்பப் பாரு, எல்லாம் கசங்கி இருக்கு. மேல மட்டும் இழுத்து மூடியிருக்க."

"என் மடிப்பு இது இல்ல மேடம். மூலையப் பாருங்க."

"பின்ன யாரு மடிச்சா? விருந்தாளியா?"

மேடம் லோ சிரித்தார். நான் பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

"போன மாசம் ஒருத்தி காலி அறையில படுத்துத் தூங்குனா. அவளும் இப்படி ரெண்டு பொய்ச் சீட்டுதான் எழுதுனா, அனுப்பிட்டேன். உனக்கும் ரெண்டு. பன்னெண்டு மணிக்கு ஆபீசுக்கு வந்து கணக்கை முடிச்சிக்க."

என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் நல்ல விடுதியில் விருந்தினரைக் கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு: ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்பது. அந்த நாசூக்குக்கு நானே பல விடுதிகளுக்கு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

பிலோமினா பின்படியில் வாளியோடு இறங்கி, என் நாற்காலிக்குப் பின்னால், தூணுக்கு அந்தப் பக்கமாகப் போனார். நான் இருப்பது தெரியாமல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்: "அந்த ஏழாம் நம்பரு எவ வீட்டுல போய் படுத்துச்சோ, எம் பொழப்புல மண்ணு விழுந்திச்சு."

ஏழாம் நம்பராகிய நான் எழுந்து வெளியே போனேன். அப்போது பத்தரை மணி.

நடந்தேன். எந்தப் பக்கம் என்று இல்லை. ரயில் நிலையம் வரை போனேன், அங்கே ரயில் எதுவும் வராததைப் பார்த்துவிட்டுத் திடலைச் சுற்றினேன், மறுபடி ரயில் நிலையத்துக்கே போனேன். வாயைத் திறந்தால் என்ன ஆகும்? விருந்தாளி படுக்கை மடித்தான் என்றால் ஏன் மடித்தான் என்பார்கள். துருவினால் மர வியாபாரி சாயம் வெளுத்துவிடும். வெளுத்தால் பரிசோதனை கெட்டது, மேலாளர் சொன்ன 'கடைசி' வந்தது. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள்.

இதைவிடக் கேவலமான ஒன்று அப்போது எனக்குத் தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன், உங்களுக்கும் ஒருநாள் தோன்றும். மேலாளர் கேட்டது ஒரு குறை. இதோ குறை. 'அறை எண் ஏழு: தலையணை உறை இரண்டு நாளாக மாற்றப்படவில்லை.' ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மேடம் லோவே சாட்சி. என் தலை எண்ணெய் என் வேலையைக் காப்பாற்றும். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து அந்த வரியை எழுதியும் விட்டேன். கையெழுத்து அழகாக வந்திருந்தது.

ஒரு காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். அந்த ஊரின் வெள்ளைக் காப்பி வந்தது. குடித்தேனா, குடித்தது காப்பிதானா, நினைவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், எழுந்தேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன், கடைக்காரச் சீனர் கத்தினார்.

"ஓய்! அத வையிலா! உனக்கு இங்க வேல வேணுமா?"

கீழே பார்த்தால் என் கையில் காலிக் கோப்பையும் தட்டும். கழுவும் தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் கோப்பை எடுக்கும் கிழவர் ஒருவர், ஈரத் துணியோடு, என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் நன்றி துளியும் இல்லை. பயம் இருந்தது.

கோப்பையை மேசையில் வைத்தேன். குறிப்பேட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் போட்டேன். முந்தா நாள் ரொட்டித் தூள் கையில் ஒட்டியது. கிட்டத்தட்ட ஓடியே விடுதிக்குத் திரும்பினேன்.

பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணி இருந்தது. அலுவலக அறை வாசலில் பிலோமினா பிளாஸ்டிக் கூடையோடு நின்றிருந்தார். சீருடையை மாற்றிவிட்டார். மேடம் லோவிடம் இங்கிலீசில் சொன்னேன், ஏழாம் அறைப் படுக்கையை மடித்தது நான்தான் என்று.

மேடம் லோ என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பிலோமினாவைப் பார்த்தார். ஒரு மாதிரி கனிவோடு சிரித்தார். "உங்களுக்கு நல்ல மனசு, சார். உங்க ஆளுங்கன்னு பாவம் பாக்குறீங்க. புரியுது." அதாவது நான் பொய் சொல்கிறேன். வாழ்க்கையில் முதல்முறையாகத் துணிந்து சொன்ன உண்மை, கருணையால் சொன்ன பொய்யாகிப் போனது.

"மேலே வாங்க, காட்டுறேன்" என்றேன்.

மூவரும் போனோம். நடையில் நின்ற இன்னும் இரண்டு பெண்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். விரிப்பை உருவிக் கலைத்தேன். பிறகு மடிக்கத் தொடங்கினேன். இரண்டு வருடமாக யாருக்கும் தெரியாமல் செய்ததை நான்கு பெண்கள் பார்க்கச் செய்வது, தெருவில் நின்று பல் துலக்குவது மாதிரி இருந்தது. விரிப்பை உதறி, தலைமாட்டைச் செருகி, கால்மாட்டு மூலையை முக்கோணமாகத் தூக்கி, மடக்கி, கீழே தள்ளி, உள்ளங்கையால் ஒரு இழுப்பு. தலையணையைத் திருப்பிப் போட்டேன். கடைசியில் தலையைக் குனிந்து உச்சந்தலையை மேடம் லோவிடம் காட்டினேன். எண்ணெய்க்கு அதைவிடச் சாட்சி இல்லை.

வாசலில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

மேடம் லோ சிரிக்கவில்லை. மூலை மடிப்பையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மர வியாபாரி இப்படி மடிக்க மாட்டாரு. நீங்க எந்த ஹோட்டல், சார்?"

என் அலுவலக அட்டையை எடுத்துக் கொடுத்தேன். படித்ததும் அவர் முகம் வெளுத்தது. அடுத்த நொடி எனக்கு இளநீரும் சலுகையும் வரும் என்று எதிர்பார்த்தேன், மாட்டிக்கொண்டவர்களுக்கு அப்படித்தான் நடக்கும் என்று கேள்வி. ஆனால் அவர் என் பக்கமே திரும்பவில்லை. பிலோமினாவிடம் போய், அந்த இரண்டு பெண்கள் கேட்கும்படி, "தப்பு என்னுது. நீ சொன்னத நான் கேட்டிருக்கணும்" என்றார். பிலோமினா தலையை மட்டும் ஆட்டினார். என்னைப் பார்க்கவே இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு சீருடை மாற்றப் போய்விட்டார்.

கீழே வந்து கோலாலம்பூருக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒன்று விடாமல் மேலாளரிடம் சொன்னேன்.

"அப்ப ரெண்டு வருசமா யாரப் பரிசோதிச்ச?"

"என்னையத்தான் சார்."

"எத்தன மார்க்கு குடுத்த?"

"முழு மார்க்கு சார்."

பெரட்டு மணி காதில் விழத் தயாராக நின்றேன்.

"அந்த அம்மாகிட்ட மேடம் மன்னிப்புக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க சார். எல்லார் முன்னாடியும்."

"நீ கேட்டியா?"

போன் கம்பியை விரலில் சுற்றினேன்.

"போய்க் கேளு. அப்புறம் சொன்னபடி இன்னொரு ராத்திரி தங்கு. மனுசன் மாதிரி எந்திரிச்சு வா. உன் வேலையப் பத்தி வந்தப்புறம் பேசலாம்."

துணி அடுக்கும் அறையில் பிலோமினா தலையணை உறைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மன்னிச்சிருங்க."

"அக்காவா? நேத்து வரைக்கும் குட் மார்னிங்கால்ல இருந்துச்சு." உறைகளிலிருந்து கண் எடுக்கவில்லை. "எந்தத் தோட்டம்?"

"சுங்காய் பக்கம்."

"அதான பாத்தேன். நான் மலையாளின்னுல்ல நெனச்சேன். அஞ்சு மணிக்கு எந்திரிச்சுச் சுருட்டுற வியாதி நம்ம லயத்து ஆளுங்களுக்குத்தான் வரும்."

"உங்களுக்கு வேல கொறையட்டும்னு நெனச்சுத்தான்..."

"எனக்கு வேல கொறையணும்னு நான் உங்ககிட்ட வந்து சொன்னேனா தம்பி? வேல கொறஞ்சா என்னைய எதுக்கு வச்சிருப்பாங்க? மூஞ்சப் பாக்கவா?" இப்போதுதான் நிமிர்ந்தார். "தலகாணியத் திருப்புனதும் எனக்காகத்தானா?"

என் கை தானாகத் தலையைத் தடவியது.

"எண்ணெய் தெரியக்கூடாதுன்னு வெக்கம். உங்க வெக்கத்துக்கு எஞ் சோறுதான் கெடச்சிச்சா?"

சரிந்த உறை ஒன்றை எடுத்து மடிக்கப் போனேன், அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"நாளைக்கி காலையில போட்டது போட்டபடி போட்டுட்டுப் பசியாறப் போங்க" என்றார். "நான் இருக்கேன்ல."

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலாளர் என்னை விலக்கவில்லை. அந்த இருபது சொச்சம் விடுதிகளுக்கும் திரும்ப அனுப்பினார், ஒவ்வொன்றுக்கும், இந்த முறை மடிக்காமல். எண்பதுகள் பிறந்தும் நான் போய்க்கொண்டே இருந்தேன். 'அறைச் சுத்தம்: மிக நன்று' பலவற்றில் 'பரவாயில்லை' ஆகியது. ஈப்போ மாளிகை விடுதி எங்கள் பட்டியலில் சேர்ந்தது. புகழ்பெற்ற வேறொரு விடுதியில் மூன்று நாளும் ஒரே துவாலை. நான் அதுவரை எத்தனை பயணிகளை அங்கே அனுப்பிவைத்தேன் என்று யோசிப்பதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மறுநாள் காலை.

ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. குளித்தேன். படுக்கை கலைந்து கிடந்தது, போர்வை பாதி தரையில், தலையணையில் எண்ணெய், யார் பார்த்தாலும் தெரியும் ஒரு ஆள் படுத்த பள்ளம். நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கதவுவரை போனேன், திரும்பினேன், போர்வையின் நுனியைப் பிடித்தேன், விட்டேன். மாடிப் படியில் இறங்கி மறுபடி ஏறினேன். கதவைத் திறக்காமலே மறுபடி இறங்கினேன். சாப்பாட்டுக் கூடத்தில் முட்டையும் ரொட்டியும் வந்தன. தட்டை அடுக்கவில்லை. பரிமாறியவர் ஓரக்கண்ணால் என் கையையே கவனித்துக்கொண்டிருந்தார். ரொட்டித் தூளை அவர் தூரிகையால் கூட்டியபோது எனக்கு மேலெல்லாம் கூசியது.

பத்து மணிக்கு அறைக்குத் திரும்பினேன்.

படுக்கை முடிந்திருந்தது. மூலை மடிப்பு என்னுடையதைவிடக் கூர்மை. தலையணையில் புது உறை, திருப்பிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் வெள்ளை. மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். மேசை விளக்குக்குப் பின்னால் விரலை ஓட்டினேன். ஒரு விரல் நீளத்துக்குத் தூசி. அறைச் சுத்தத்தில் நான் கண்டுபிடித்த முதல் குறை. குறிப்பேட்டில் எழுதினேன். அவர் வேலையை அவருடையதாகப் பார்த்தால் அவர் விட்ட தூசியும் அவருடையதுதான்.

பிறகுதான் கால்மாட்டைக் கவனித்தேன். பிலோமினா அலமாரியிலிருந்த உபரிப் போர்வையை எடுத்துப் பாய் மாதிரி இறுக்கமாகச் சுருட்டி நிறுத்தி வைத்திருந்தார். இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது என் டையால்.

விருந்தினரின் உடைமையைத் தொடக்கூடாது என்பது விதி. தொட்டால் மதிப்பெண்ணில் குறைக்க வேண்டும். உங்களுக்கும் அதே விதிதான், தயவுசெய்து கடைப்பிடியுங்கள். நான் தூசியை எழுதினேன், டையை எழுதவில்லை. என் பணிக்காலத்தில் தெரிந்தே செய்த தவறு அது ஒன்றுதான்.

அம்மா போடும் அதே முடிச்சு, அவிழ்க்கப் பார்த்தேன். இழுக்க இழுக்க இறுகியது. நின்றுகொண்டு முடியவில்லை. படுக்கையில் உட்கார்ந்து, போர்வைச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தினேன். வெகுநேரம் ஆயிற்று. எழுந்தபோது விரிப்பு கசங்கி, நான் உட்கார்ந்த இடம் பள்ளமாகக் கிடந்தது.

அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.